தண்ணீர் நிற்காத நிலம்

செங்கம் சாலையில் நான் குடியிருக்கும் வாடகை அறையில், கதவுக்குப் பின்னால் ஒரு கடப்பாரை சாய்ந்து நிற்கிறது. விருந்தினர் விடுதிகளுக்கு வேலிக்குழியும் மரக்குழியும் தோண்டுவதுதான் இப்போது என் பிழைப்பு. இந்தப் பக்கத்து மண் சரளையும் பாறையுமானது. குத்தினால் பொறி பறக்கும், தோள்பட்டை வரை அதிரும். அப்படி அதிரும்போதெல்லாம் இதே கடப்பாரை வேறொரு மண்ணில் இறங்கிய விதம் நினைவுக்கு வரும். கூடவே வயிறும் எரியும். கடப்பாரை என்னுடையதல்ல. என் சகலையுடையது. அதாவது, என் மனைவியின் தங்கை கணவருடையது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனர், ஓட்டலில் மாவாட்டி, கட்டட வேலை என்று ஊர் ஊராகச் சுற்றியவன். எந்த இடத்திலும் கால் நிற்காது. அப்படிப்பட்டவனை ஓரிடத்தில் கட்டிப்போட வேண்டும் என்றுதான் மாமனார் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, இரண்டு பெண்கள்தான். நிலமும் இரண்டு துண்டு. ஒன்று ஏரிக்கரைக்குக் கீழே இருந்த களிமண் நிலம். மற்றொன்று மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டிய மேய்ச்சல் காடு. ஆட்டு மந்தையையும் சரிபாதியாகப் பிரித்தார். மூத்த பெண்ணைக் கட்டியவன் என்பதால் முதலில் பொறுக்கும் உரிமை எனக்கு.

கார்த்திகை மாதம், காலையில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. மாமனார் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். ஏரிக்குக் கீழே முழங்கால் வரை தண்ணீர் நின்றது, தவளை கத்தியது, கொக்கு மேய்ந்தது. பார்க்கவே மனம் நிறைந்துபோனது. பிறகு மலையடிவாரத்துக்குப் போனோம். அதே மழைதான் அங்கேயும் பெய்திருந்தது. ஆனால் ஒரு குழியில்கூடத் தண்ணீர் இல்லை. புல் நுனியில் மட்டும் ஈரம் இருந்தது. என் செருப்பில் மண் ஒட்டவில்லை.

சகலை கையோடு கடப்பாரை கொண்டுவந்திருந்தார். அதை மார்புயரத்துக்குத் தூக்கி, குத்தாமல், சும்மா கையை விட்டார். தன் பாரத்திலேயே ஒன்றரைச் சாண் இறங்கி ஆடாமல் நின்றது. நான் சிரித்தேன். "பேஞ்ச தண்ணியக் கூட வச்சிக்கத் தெரியாத நிலம். இதுல குடும்பத்த எப்படி வச்சிக்கறது?" என்றேன். "ஏரிக்குக் கீழ எனக்கு."

"சரிங்கண்ணா," என்றார் சகலை. அவர் முகத்தில் ஏமாற்றம் தெரியுமா என்று பார்த்தேன், தெரியவில்லை. அன்றே எனக்கு லேசாக உறுத்தியது.

அந்த நிலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பொறாமையால் தெரிந்துகொண்டதுதான். யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் குறை கண்டுபிடிக்கத்தான் உற்றுப் பார்த்தேன். ஓடை அறுத்துவிட்டிருந்த கரையில் மண்ணின் அடுக்குகள் தெரியும். விரல் கனத்துக்கு மணல், அதன்மேல் பழுப்பு வண்டல், நடுநடுவே பொடிக்கல், மறுபடி வண்டல். காலங்காலமாக வெள்ளம் மலையிலிருந்து கொண்டுவந்து அடுக்கியது. அந்த அடுக்குகளின் ஊடே புல்லின் வேர் ஆளுயரத்துக்குக் கீழே வரை தொங்கியது. கைப்பிடி மண்ணை அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்கும், கட்டைவிரலால் தொட்டால் உதிரும். என் நிலத்து மண்ணைப் பிடித்தால் பிள்ளையார் செய்யலாம். கோடையில் அது வெடிக்கும். வெடிப்பில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். ஓரங்களில் வெள்ளையாய் உப்புப் பூக்கும்.

பங்குனியில் அவர் நிலமும் காய்ந்து சாம்பலாகத்தான் கிடக்கும். மண் தண்ணீரைத் தேக்கி வைக்காது, மேல்புறம் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். அதைப் பார்க்கிறபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். ஆனால் கோடைமழை ஒன்று விழுந்தால் போதும், அடுத்த வாரமே கொழுக்கட்டைப் புல் அடிவேரிலிருந்து பச்சையாகக் கிளம்பிவிடும். வெள்வேல் மரத்துக் காய் உதிரும், ஆடுகள் பொறுக்கித் தின்னும். அதிர்ஷ்டக்காரன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அவர் காட்டில் பாதியை முள்வேலி போட்டு அடைத்து, புல் விதை உதிர்ந்த பிறகே ஆட்டை விடுவதையும், சரிவில் குறுக்கே கல் அடுக்கி மண் கரையாமல் பார்த்துக்கொள்வதையும் நான் கண்டேன். கண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. என் ஆடுகள் சேற்றில் நின்று நின்று குளம்பு அழுகின. முன்னங்காலை மடக்கி முட்டி போட்டு மேய்ந்தன. பட்டிக்குள் போனால் நாற்றம் மூக்கைத் துளைத்தது. சகலை கடப்பாரையை மொபெட்டில் கட்டிக்கொண்டு நனைந்தபடி வந்தார்.

"அண்ணா, எல்லாத்தையும் ஓட்டிக்கினு வந்துடுங்க. மேல காஞ்சி கெடக்குது. காத்தால பேஞ்சா மத்தியானம் ஆடு படுக்குது. வெயில் வர வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

"உன் மண்ணோட பெருமைய பாக்கறதுக்கு என் ஆட்ட அனுப்பணுமா?"

"பெருமை இன்னாண்ணா பெருமை. காலு அழுவுதே."

வாசலில் நின்ற என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, உங்க வீம்பு ஆட்டுக்குத் தெரியுமா? அது பாட்டுக்குப் போயி காஞ்ச எடத்துல படுக்கட்டுமே!"

நான் அசையவில்லை. சகலை கடப்பாரையை அவிழ்த்துச் சுவரில் சாத்தினார். "வரலன்னா வாய்க்காலாவது வெட்டி உடுங்கண்ணா. உங்களுது வளைஞ்சி போச்சின்னு அக்கா சொன்னாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாய்க்கால் வெட்டினேன். கடப்பாரையில் ஒட்டிய களியை ஒவ்வொரு குத்துக்கும் வழித்துப் போட்டேன். வெட்டி முடித்த பிறகுதான் தண்ணீர் போக ஒரு பள்ளமும் இல்லை என்பது தெரிந்தது. என் நிலம்தான் இருப்பதிலேயே பள்ளம். ஆடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. மிஞ்சியதைக் கசாப்புக்கு ஏற்றிவிட்டேன். பிறகு மனைவியோடு பெங்களூருக்குப் போனேன், அங்கிருந்து ஓசூருக்கு, கடைசியில் இங்கே. கடப்பாரை கூடவே வந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த நிலத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இடையில் மாமனார் இறந்தபோது மட்டும் ஊருக்குப் போனேன். அவர் ஆசைப்படி ஏரி நிலத்தில்தான் அடக்கம். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. குடத்தால் இறைத்து இறைத்து, இறைப்பதை நிறுத்திய மறுநொடி அவரை இறக்கினோம். மண் தள்ளும்போது எழுந்த சத்தத்தை நான் மறக்கவில்லை.

போன மழைக்காலத்தில் சகலை போய்விட்டார். நெஞ்சுவலி என்று கொழுந்தியாள் போனில் அழுதாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓடையோரம் குழி வெட்டி வைத்திருந்தார்கள். முந்தின நாள் முழுக்க மழை. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் குழியைப் பார்த்தேன். சுவர்கள் வெட்டியபடியே நேராக நின்றன. மணல், வண்டல், பொடிக்கல், வண்டல். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. செத்தும் உலர்ந்த இடத்தில் படுக்கப் போகிறான் என்று தோன்றியது. அழுகை வந்தது. எதற்கான அழுகை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காரியத்தன்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் கொழுந்தியாளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களே வச்சிக்கோங்க மாமா. அவரு ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு. 'என்னைக் கீழ்ப்பக்கமா வையுங்க. மேட்டுப்பக்கம் அண்ணனுக்கு. அவருக்கு ஈரம் ஆவாது'ன்னாரு. எடத்துக்கு ஒரு கல்லு நட்டு வச்சிருக்காரு, போயி பாருங்க."

போய்ப் பார்த்தேன். அவருக்குப் போட்ட மண்மேட்டுக்கு மேற்கே, சரிவின் மேல் ஓரத்தில், வெள்வேல் நிழலில் கல் இருந்தது. மொத்தக் காட்டிலும் அதைவிட நல்ல இடம் கிடையாது. முதல்முறை பொறுக்கும் உரிமை எனக்கு இருந்தது. இந்த முறை அதை எனக்கு விடவில்லை. நான் எப்படிப் பொறுக்குவேன் என்று தெரிந்தவர், தானே பொறுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் என்னைப் பொறாமைப்பட வைத்தது. கடப்பாரையை மார்புயரத்துக்குத் தூக்கிக் கையை விட்டேன். இறங்கி நின்றது.

அசைத்துப் பிடுங்கி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பழக்கத்தில் நுனியை வழிக்க விரலை வைத்தேன். வழிக்க ஒன்றும் இல்லை, ஒட்டிய மண் வழியிலேயே காய்ந்து உதிர்ந்திருந்தது. இப்போது கடப்பாரை கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. நாளைக்கு ஒரு விடுதிக்கு வேலிக்குழி தோண்ட வேண்டும், பாறை மண்.