காதால் ஓட்டுபவர்

உறைகாற்று வீசும்போதும் தொமிகோ தன் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கியே வைத்திருப்பார். வண்டியின் ஹீட்டர் முழு மூச்சில் இரைய, வெப்பமெல்லாம் அந்த இடைவெளி வழியே வெளியேறும். பின்னிருக்கையில் கம்பளிக்குள் சுருண்டிருப்போர் முணுமுணுப்பார்கள். "சக்கரம் பேசிக்கிட்டே வரணும். கரகரன்னு கேட்டா பனி மேல போறோம், பயமில்ல. சட்டுன்னு வாயை மூடிக்கிச்சுன்னா ஐஸ் மேல ஏறிட்டோம்" என்பார் தொமிகோ. கண்ணாடியை மட்டும் ஏற்றமாட்டார்.

ஹொக்கைடோவின் வடகரையில் உள்ள எங்கள் சிறு மருத்துவமனைக்கு, டயாலிசிஸ் செய்துகொள்வோரை வீடுவீடாக ஏற்றிவருவது அவர் வேலை. ஐம்பதைக் கடந்த, குள்ளமான பெண்மணி. மெத்தை ஒன்றின்மேல் அமர்ந்தால்தான் சாலை கண்ணுக்கு எட்டும். ஏறியதும் பனிக்காலணிகளைக் கழற்றிவிட்டு, அடிப்பாகம் தேய்ந்த துணிக்காலணிகளுக்கு மாறுவார். பிரேக்கை மிதிப்பது என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை, தடவுவது என்பார். கன்னத்துக்குள் எப்போதும் ஒரு துண்டுக் கணவாய்க் கருவாடு. மெல்லும் தாடை நின்றால், பயணிகளும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

காற்று வயல்வெளிப் பனியை வாரி எழுப்பி எல்லாவற்றையும் வெள்ளையாக்கும்போது, முன்னே செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பற்றிக்கொண்டு போவது எங்கள் பகுதியின் வழக்கம். தொமிகோவும் ஒருமுறை அவ்வாறு சென்று, முன்னே போனவரின் மாட்டுத்தொழுவ வாசலில் போய் நின்றார். "அந்த ஆளு இறங்கி வந்து, 'என்னம்மா, பால் வேணுமா?'ன்னு கேட்டான். வெக்கமாப் போச்சு. ரெண்டு லிட்டர் வாங்கிட்டு வந்தேன்." அதன்பின் அவர் நம்புவது, சாலையோரக் கம்பங்களில் தொங்கி விளிம்பைக் காட்டும் அம்புக்குறிகளை மட்டுமே. அடுத்த அம்பு தெரியாவிட்டால் ஒதுங்கி நின்றுவிடுவார்.

சென்ற பிப்ரவரியில் இந்த வழக்கம் சோதனைக்குள்ளானது. புயலால் சாலை மூடப்பட்டு, பால்பண்ணைக்காரர் இவாசே தமது டயாலிசிஸ் முறையைத் தவறவிட்டிருந்தார். கால்கள் வீங்கி, மூச்சு இரைந்தது. இன்றும் தவறினால் ஆபத்து என்று செவிலி சகாதா தொலைபேசியில் எச்சரித்திருந்தார். சாலை திறந்ததும் போய் இவாசேயை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மருத்துவமனையிலிருந்து துணைக்கு வந்த நான் முன்னிருக்கையில் இருந்தேன். பாதி வழியில் காற்று மீண்டும் எழுந்தது. தொமிகோவின் தாடை நின்றது. அம்புகள் மறைந்தன, முன்னே ஒரு பால் லாரியின் சிவப்பு விளக்குகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

"அந்த லாரி பின்னாடியே போயிடு, தொமிகோ-சான்" என்றார் இவாசே.

"அவனுக்கே வழி தெரியுதோ என்னவோ."

சாலையோரத்து ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்தினார். லாரி வெண்மைக்குள் கரைந்தது. புகைக்குழாயைப் பனி மூடினால் நச்சுக்காற்று உள்ளே வரும் என்பதால், மண்வாரியுடன் இறங்கிச் சுற்றிலும் வாரிக் கொட்டிவிட்டு வந்தார், மீண்டும் இறங்கினார்.

"நான் செத்தா உன் பேரைச் சொல்லித்தான் சாவேன்" என்றார் இவாசே, மூச்சுக்கிடையே.

"சொல்லுங்க. ஆனா வண்டியில வேணாம். நான்தானே கழுவணும்?"

இவாசே சிரிக்க முயன்று இருமினார். தொமிகோ திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி இடைவெளியில் காதை வைத்திருந்தார். ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தது பின்னிருக்கையின் மூச்சை என்று எனக்குத் தோன்றியது.

காற்று தணிந்து ஓர் அம்பு தெரிந்தது; பிறகு இன்னொன்று. எங்களைப் பார்த்துப் பின்னால் வந்து ஒதுங்கியிருந்த கார்களும் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஊருக்குள் நுழையும்போது, அதே பால் லாரி கடையோரம் பத்திரமாக நின்றிருந்தது. ஓட்டுநர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"பாரு, அவன் எப்பவோ வந்துட்டான்" என்றார் இவாசே.

"வந்துட்டானா? நல்லது" என்றார் தொமிகோ. காது மட்டும் சிவந்திருந்தது.

மருத்துவமனை வாசலில் சகாதா சக்கர நாற்காலியோடு காத்திருந்தார். இவாசேயை உள்ளே தள்ளிச்சென்ற பிறகுதான் கவனித்தோம்: எங்கள் சிவப்பு விளக்கைப் பற்றிக்கொண்டு பின்தொடர்ந்த கார்கள் அனைத்தும் முற்றத்துக்குள் வந்து வரிசையாக நின்றிருந்தன. முதல் காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கி, "இது தபால் நிலையம் இல்லையா?" என்று கேட்டார்.

தொமிகோ அந்தக் காரின் பின்புறம் சென்றார். பனி அப்பி, சிவப்பு விளக்குகள் இருந்த இடமே தெரியவில்லை. சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு துடைக்கத் தொடங்கினார். சகாதா கதவைத் திறந்து, "ஊசி ஏத்தியாச்சு. மெஷின் ஓடுது. மூச்சு பரவாயில்ல" என்று கூவினார். தொமிகோ தலையசைத்தார். இரண்டாவது காரின் பின்னால் குனிந்து, விளக்கின்மேல் இறுகியிருந்த பனியை நகத்தால் சுரண்டினார்.