இருபத்தெட்டாம் தேதிக் கையெழுத்து

சட்டத்துறை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் ஒப்புநோக்கரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காற்புள்ளி என்றால்தான் தெரியும். ஒரு காற்புள்ளி விடுபட்டுவிட்டது என்று, அச்சுக்குப் போன சட்டத்தையே பாதி வழியில் நிறுத்திய ஆள் அவர். அது நடந்து இருபது வருடம் ஆகிறது. அந்த ஒரு பெருமையை வைத்தே மனிதர் இத்தனை காலத்தையும் ஓட்டிவிட்டார்.

வேலை என்னவோ எளிதுதான். அவர் மூலப்படியை உரக்க வாசிப்பார். எதிரே தட்டச்சர் அம்மா அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டே வருவார். வாசிக்கிறவர் காற்புள்ளி, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதில் மீற முடியாத விதி ஒன்று உண்டு. தும்மல் வந்தாலும் சரி, தொலைபேசி அடித்தாலும் சரி, வாசிப்பு நடுவில் நின்றுவிட்டால் அந்தப் பத்தியை முதல் வார்த்தையிலிருந்து மறுபடி வாசித்தாக வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் ஒரு வரியாவது காணாமல் போகும் என்பது அந்த அறையின் அனுபவம்.

இப்படி அவர் வாய்வழியே போன சட்டங்களுக்குக் கணக்கில்லை. ஒன்றுகூட மனதில் தங்கியதில்லை. பொருளில் கவனம் போனால் புள்ளியில் தவறும் என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

அப்படித்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான புதிய சட்டமும் வந்தது. உலக நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கையில் நாடு எப்போதோ கையெழுத்துப் போட்டிருந்தது. உள்நாட்டுச் சட்டத்தை மட்டும் மாற்றாமல் பல வருடம் இழுத்தடித்தார்கள். பழைய சட்டப்படி, மனவளர்ச்சி குன்றியவர் என்று ஒருவரைப் பற்றி நீதிமன்றம் சொல்லிவிட்டால், அவருடைய பாதுகாவலர் போடுவதுதான் கையெழுத்து. எங்கே இருப்பது, என்ன வேலை செய்வது, யாரோடு வாழ்வது, எல்லாம் பாதுகாவலர் பாடு. புதுச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. முடிவு அவரவருடையது. வேண்டுமென்றால் புரிந்துகொள்ள உதவலாம், ஆனால் அவருக்குப் பதிலாக முடிவெடுக்கக் கூடாது. சம்மதமில்லாமல் யாரையும் எந்தப் பராமரிப்பு இல்லத்திலும் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது.

இந்தச் சட்டம் வந்ததில் அலுவலகத்தில் அவருக்குத் தனி மரியாதை. ஏனென்றால் அவருக்கு ஒரு தங்கை. நாற்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்தே எதையும் மெதுவாகப் புரிந்துகொள்பவள், பதிலும் மெதுவாகத்தான் வரும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நீதிமன்றம் இவரைப் பாதுகாவலராக்கியது. ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். தனியாகவே பஸ்ஸில் போய் வருவாள். சட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்ட கூட்டத்தில், குடும்பத்தினர் சார்பில் அவரைப் பேசச் சொன்னார்கள். "என் தங்கச்சிக்கு நான்தான் கை, நான்தான் வாய்" என்றார். கை தட்டினார்கள். அன்று முழுக்க அவர் கால் தரையில் பாவவில்லை.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் வீடு சின்னது என்பது அவருக்கு உறைத்தது. இருந்தது இரண்டு அறை. ஒன்று தங்கையுடையது. அதே வாரம் அவர் மேசைக்கு இரண்டு வரியில் ஓர் அறிவிக்கை வந்தது. புதிய சட்டம் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் நடைமுறைக்கு வரும் என்றது. அரசிதழில் வெளியாகும்வரை ரகசியம். சட்டத்தின் கடைசிப் பிரிவும் அவருக்குத் தெரியும். அவர் வாசித்ததுதானே. அந்தத் தேதிக்கு முன் பாதுகாவலர் கையெழுத்தில் இல்லத்தில் சேர்ந்தவர்கள், பாதுகாவலர் தன் கையெழுத்தைத் திரும்பப் பெறும்வரையோ மறுஆய்வு வாரியம் விசாரிக்கும்வரையோ அங்கேயே தொடரலாம். வாரியமோ இன்னும் அமைக்கப்படவே இல்லை.

எதுவுமே மனதில் தங்காத மனிதருக்கு இந்த ஒரு பிரிவு மட்டும் நன்றாகத் தங்கிவிட்டது.

"அவளை ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"கேட்டா மட்டும் அவ என்ன சொல்லப்போறா?"

"ஏதாவது சொல்லுவா. கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதானே."

"நேரம்தான் இல்லைங்கறேன்" என்று எரிந்து விழுந்தார். எதற்கு நேரமில்லை என்று மனைவிக்கு விளங்கவில்லை. அவரும் விளக்கவில்லை. ரகசியம் காப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதிலும் ஒரு கடமையுணர்ச்சி!

இருபத்தெட்டாம் தேதி, "சும்மா ஓர் இடம் பார்த்துட்டு வரலாம் வா" என்று தங்கையை அழைத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். சுத்தமான இல்லம்தான், குறை சொல்ல முடியாது. மேலாளர் அம்மா படிவத்தை நீட்டினார், அவர் கையெழுத்துப் போட்டார். தங்கை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் அவர் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. சலவைக்கூடத்திலிருந்து கேட்டபோது, ஒரு மாதம் லீவு என்று சொல்லிவைத்தார். ஒரு மாதம் தாண்டினால் அவள் இடத்தில் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அலுவலகத்தில் மூச்சு விடவில்லை. தங்கச்சி எப்படி இருக்காங்க என்று யாராவது கேட்டால், "அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா" என்று வாய் கூசாமல் சொன்னார்.

மூன்று வாரம் போயிற்று. புதிய சட்டத்தை நிறைவேற்றிய பெருமையை, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் உலகக் குழுவுக்குத் தெரிவிக்க ஓர் அறிக்கை தயாரானது. பழைய சட்டத்தில் அடிபட்டவர்களின் வாக்குமூலங்கள் அதற்குப் பின்னிணைப்பு. அவர் வழக்கம்போல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"எனக்கு அப்போது முப்பது வயது, முற்றுப்புள்ளி. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, முற்றுப்புள்ளி. ஓர் இடம் பார்த்துவிட்டு வரலாம் என்று அண்ணன் அழைத்துப் போனார், முற்றுப்புள்ளி. அவர் கையெழுத்துப் போடும்வரை, காற்புள்ளி, நானும் திரும்பி வரப்போகிறேன் என்றுதான்..."

குரல் நின்றுவிட்டது.

"முதல்லேர்ந்து சார்" என்றார் தட்டச்சர் அம்மா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலிலிருந்து வாசித்தார். 'அண்ணன்' வரை போய்த் திரும்பவும் நின்றார். இருமல் வந்தது மாதிரி நடித்தார். மூன்றாம் முறை வாசித்தார். யாரோ ஒரு முன்பின் தெரியாத மனிதன் பத்தொன்பது வருடம் ஓர் இல்லத்தில் கிடந்த கதை. அவருடைய வாயே அதை அவருக்கு மூன்று தடவை சொன்னது. இருபத்தாறு வருட வேலையில் முதல் முறையாக, தான் வாசிப்பது என்ன என்று அவர் காதில் விழுந்தது.

"பாவி, அவனெல்லாம் ஓர் அண்ணனா?" என்றார் தட்டச்சர் அம்மா. "எல்லாரும் உங்களை மாதிரி இருப்பாங்களா சார்? படிக்கும்போதே உங்களுக்குத் தொண்டை அடைக்குது பாருங்க. இருங்க, வெந்நீர் கொண்டு வர்றேன்."

அந்த நேரத்தில் அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெந்நீரை வாங்கிக் குடித்தார். நல்லவன் என்று நம்பி ஒருத்தி கொடுத்த வெந்நீரைக் குடித்துக்கொண்டு, நல்லவன் மாதிரியே தலையை வேறு ஆட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. தங்கையை ஏமாற்றியதற்காக ஒரு பங்கு என்றால், இதற்காக இன்னொரு பங்கு.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இல்லத்துக்குப் போனார். மனைவியிடம் மட்டும் சொன்னார். "போய்க் கூட்டிட்டு வாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் கூடத்துல நாம படுத்துக்கலாம்" என்றாள் அவள். இந்த வழி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று பஸ் முழுக்க யோசித்தார். தோன்றவில்லை என்பதுகூடப் பொய். அவர் தேடவே இல்லை.

பார்வையாளர் அறையில் தங்கை வந்து எதிரே உட்கார்ந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"வீட்டுக்குப் போகலாம் வா" என்றார்.

அவள் யோசித்தாள். முன்பெல்லாம் இந்த இடைவெளியில் அவரே அவளுக்கான பதிலையும் சொல்லி முடித்திருப்பார். இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் வந்து, தேய்ந்து, நின்றது.

"அங்க என் ரூம் இருக்கா?"

"இருக்கு" என்றார். பிறகு, "இல்ல. பெயிண்ட் அடிச்சாச்சு. ஆனா நாங்க கூடத்துல..."

"எனக்கு அந்த ரூம் வேணாம்." மறுபடி யோசித்தாள். "என்கூட மடிக்கிற அக்கா இருக்காங்கல்ல. அவங்க வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு. சலவைக்கூடத்துக்கு நடந்தே போகலாம். நான் கேட்டு வச்சிருக்கேன். வரச் சொல்லிட்டாங்க."

"எப்போ கேட்ட?"

"கல்யாணம்னு நீங்க பேசிக்கிட்டீங்கல்ல. அப்பவே."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்ல வந்தேன். நான் ஆரம்பிச்சதும் நீ எழுந்து போயிட்டே."

அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை. எந்த நாள் என்று நினைவிருக்கும்? எல்லா நாளும் அப்படித்தானே எழுந்து போயிருக்கிறார். எந்த அறைக்காக இவ்வளவு சூழ்ச்சியும் செய்தாரோ, அந்த அறையை யாரும் கேட்காமலே அவள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறாள். கேட்க மட்டும் ஆள் இல்லை.

மேலாளர் அம்மா, சேர்த்ததைத் திரும்பப் பெறும் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். "இவங்க வெளிய போக உங்க கையெழுத்துதான் சார் வேணும். வாரியம் வர்ற வரைக்கும் இதுதான் வழி. காரணத்தை உங்க கைப்பட எழுதணும்."

அவர் பேனாவை எடுத்து, 'குடும்பச் சூழ்நிலை மாறியதால்' என்று மளமளவென்று எழுதினார். அலுவலகத்துக் கை, அதற்கு யோசனையே தேவைப்படவில்லை.

"என்ன எழுதின? படி" என்றாள் தங்கை.

படித்தார்.

"அது பொய்."

மேலாளர் அம்மா சன்னல் பக்கம் பார்த்தார். அண்ணன் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினார். இம்முறை நேரமாயிற்று. அவள் கேட்பதற்கு முன்பே படித்துக் காட்டினார். "என் தங்கையைக் கேட்காமல், ஏமாற்றி அழைத்துவந்து, இங்கே சேர்த்தேன்."

அவள் தலையசைத்தாள். போதும் என்கிறாள் என்று நினைத்து அவர் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

"இரு. தேதியை எழுதலை."

"இன்னைக்குத் தேதியா? அது மேலேயே இருக்கும்மா."

"சட்டத்தோட தேதி." அவள் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தாள். "இங்க டிவியில சொன்னாங்க. ஒண்ணாம் தேதியிலேர்ந்து எங்களைக் கேட்காம சேர்க்கக் கூடாதாம். நீ என்னை இருபத்தெட்டாம் தேதி கூட்டிட்டு வந்தே. அந்தச் சட்டம் உங்க ஆபீஸ் சட்டம்தானே? உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வந்தே. அதையும் எழுது."

இருபத்தாறு வருட உத்தியோகத்தில் மேலதிகாரி ஒருவர்கூட அவரைக் கேள்வி கேட்டதில்லை. இப்போது கையும் களவுமாகப் பிடித்தது, எதுவும் புரியாது என்று அவர் முடிவுகட்டி வைத்திருந்த தங்கை. அதுவும் கோபமே இல்லாத குரலில். அவருக்கு அவளை நிமிர்ந்து பார்க்கத் திராணியில்லை. எழுதினார். 'சட்டம் நடைமுறைக்கு வரும் தேதி எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் அதற்கு முன் சேர்த்தேன்.' அரசாங்க ரகசியத்தை அப்படிப் பயன்படுத்தியதாக ஒத்துக்கொண்டால் வேலைக்கே ஆபத்து என்பது பாதியில்தான் உறைத்தது. பேனா தயங்கியது. தங்கை காத்திருந்தாள். மீதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேலாளர் அம்மா படிவத்தை வாங்கி ஒருமுறை வாசித்தார். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார்.

"சார், இது கோப்புல போயிடும். யார் வேணும்னாலும் பார்ப்பாங்க. உங்களுக்குச் சம்மதம்தானா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"சம்மதம்தான்" என்றாள் தங்கை.