ஞானஸ்நானம் பெறாத தம்பி

லண்டன் மோர்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் வயதான ஐரிஷ் பெண்மணி ஒருவர் தனியே இருந்தார். இளம் வயதில் ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்காக இங்கே வந்தவர். அவருக்குக் கண் மங்கியபின், கணினியில் இருப்பதை வாசித்துச் சொல்ல நான் போவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதையாவது பிழையாக அழுத்தி, அதில் பதிந்திருக்கும் ஓர் ஊரின் செத்தவர்களையெல்லாம் அழித்துவிடுவேனோ என்று ஒவ்வொரு முறையும் பயந்து பயந்துதான் தொடுவேன்.

அயர்லாந்தில் அவர் பிறந்த ஊர்த் தேவாலயப் பங்கைச் சேர்ந்த சிலர், தேவாலயத்தின் பழைய பதிவுகளையும் கல்லறைப் படங்களையும் இணையத்தில் போட்டிருந்தார்கள். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அவருக்கு அடுத்ததாகப் பிறந்த தம்பி, பிறந்த அன்றே இறந்துபோனான். எங்கே புதைத்தார்கள் என்று தாய் கடைசிவரை வாய் திறக்கவில்லை. கண்மூடுவதற்குள் அந்த இடம் தெரிய வேண்டும் என்றார்.

பதிவின் தலைப்பு லத்தீனில் இருந்தது. திகதியும் தாய் தகப்பன் பெயரும் இருந்ததால், பிறப்புப் பதிவு என்று நானே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பெயர் இருந்தது, அக்காமார் பெயர் இருந்தது. தம்பி மட்டும் இல்லை. எனக்குத்தான் தேடத் தெரியவில்லை என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். வீட்டில் கணவர் நக்கலடித்தார்.

"உம்மட பூட்டன்ர பேர் தெரியுமே உமக்கு? ஐரிஷ்காரிக்குப் பரம்பரை தேடுறீர்."

தெரியாதுதான்.

கடைசியில், அந்த இணையப் பக்கத்தை நடத்துபவருக்கு எழுதிக் கேட்டோம். அது ஞானஸ்நானப் பதிவாம். சைவக்காரிக்கு எப்படி விளங்கும்? தண்ணீர் ஊற்றிப் பாவம் கழுவும் அந்தச் சடங்கு நடக்காமல் இறந்த குழந்தை அதில் ஏறாது. தேவாலய நிலத்தில் இடமும் கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் வைப்பார்களாம். படமும் அனுப்பியிருந்தார்: புல், முள்மரம், எழுத்தில்லாத சின்னச் சின்னக் கற்கள்.

எப்படிச் சொல்வது என்று தவித்துத் தவித்து, ஒருவழியாகச் சொன்னேன்.

"பாவம் கழுவப்படாத பிள்ளை, அதுதான்," என்றார் அவர்.

அதைக் கேட்கப் பொறுக்காமல், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: எங்கள் சனம் பெரியவர்களை எரிக்கும், சின்னப் பிள்ளைகளை மண்ணில்தான் வைக்கும். அதுகளிடம் நெருப்பு எரித்துத் தீர்க்க ஒன்றுமில்லை என்று சொல்வார்கள்.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். எந்தக் கல் என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியென்றால் எல்லாவற்றையும் காட்டு என்றார். ஒவ்வொரு கல்லாகப் பெரிதாக்கினேன். அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் நின்று நின்று பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும், "கிடைச்சுதோ?" என்று கணவர் கேட்டார்.

"ஓம். எந்தக் கல்லெண்டுதான் தெரியாது."

அவர் நக்கலடிக்கவில்லை.