கடல்புலி வந்தால் எல்லாப் படகும் நிற்கிறது!

இன்று காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார், நேற்று நான் தடை செய்த 'ஹேக்கர்'!

தருமபுரத்தில் வீட்டிலிருந்தே ஒரு சின்ன ஆன்லைன் கேம் நடத்துகிறேன். படகில் போய் மீன் பிடித்து விற்கும் ஆட்டம். ஒரே நேரத்தில் நாற்பது பேர் வந்தாலே எனக்குத் திருவிழா.

ஒரு வாரமாகத் தொல்லை. 'கடல்புலி' என்பவர் உள்ளே வந்தாலே எல்லோருடைய படகும் மூன்று விநாடி உறைந்துவிடும்!

சர்வரைத் தாக்குகிறார் என்று நினைத்துத் தடை போட்டேன். (விசாரணையா? நானே போலீஸ், நானே ஜட்ஜ்!)

வந்தவர் ஓர் அக்கா. பெயர் செலின். கோட்டுச்சேரிமேட்டில் தையல் கடை. ('தொடர்புக்கு' என்று வீட்டு முகவரியைப் போட்டது என் புத்திசாலித்தனம்!)

"நீங்கதான் அந்த மீன் கேம் வச்சிருக்கீங்களா தம்பி? என்னைய ஏன் வெளியில தள்ளுனீங்க?"

"கடல்புலி... நீங்களாக்கா?!"

"ஆமா. எங்க வீட்டுக்காரரு குவைத்துல இருக்காரு. தெனம் சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே போட்டுல போவோம். நேத்து அவரு மட்டும் தனியா உக்காந்திருந்தாரு."



அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு, கேமில் அவர் பிடித்த மீன்கள் சேரும் கூடையைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். பதினெட்டாயிரம் மீன்!!

"ஒன்னு கூட விக்கலையாக்கா?"

"எப்படி விக்கிறது? ரெண்டு பேரும் சேந்து புடிச்சதாச்சே!"

அப்போதுதான் உறைத்தது.

ஒருவர் உள்ளே வரும்போது, அவர் சேமித்தது எல்லாம் ஒரே நீளமான குறியீடாக வரும். சர்வர் அதைப் பிரித்துப் படிக்க வேண்டும். படகுகளை ஓட்டும் அதே வரிசையில்தான் அந்த வேலையையும் வைத்திருந்தேன்.

மற்றவர்களுக்கு ஐம்பது, நூறு மீன். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அக்காவின் பதினெட்டாயிரத்தையும் பிரித்து முடிக்கும்வரை நாற்பது படகும் நடுக்கடலில் காத்துக் கிடந்திருக்கின்றன!

ஹேக்கரும் இல்லை, தாக்குதலும் இல்லை. தப்பு முழுக்க நான் எழுதிய புரோகிராமில்!

"மன்னிச்சிடுங்கக்கா. ஒரு மீனும் போகாது. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

"பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார்.

தடையை நீக்கிவிட்டு, பிரிக்கும் வேலையைத் தனி வரிசைக்கு மாற்றினேன். முதலில் படகு மட்டும் வரும். கூடையைத் திறந்தால்தான் மீன்கள் வரும். சோறு சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

ஐந்தரை மணிக்குக் கடல்புலி உள்ளே வந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஒரு படகும் நிற்கவில்லை!!

கொஞ்ச நேரத்தில் அதே படகில் குவைத் அண்ணனும் ஏறினார். சாட்டில் அவரிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ்:

"ரொம்ப நன்றி தம்பி. நீங்க தள்ளிவிட்டதுக்கு நேத்து ராத்திரி பூரா போன்ல எங்கிட்டதான் சண்ட போட்டா!"