பரமேஸ்வரி தலை கழுவிய கதை

பதுளையில் இருபது வருடத்துக்கு மேலாக ஈ.ஈ.ஜி. எடுக்கிறேன். மூளையின் மின்னலைகளைப் பதியும் வேலை. என் மூளையில் பதிய அதிகம் ஒன்றுமில்லை என்பதற்கு இந்தச் சம்பவம் அத்தாட்சி.

கொழும்பிலிருந்து ஓர் ஆய்வுக்குழு மூன்று நாளுக்கு வந்திருந்தது. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ஓ.சி.டி. நோய் உள்ளவர்களில் யாருக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை பலன் தரும் என்று மூளை அலையை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பது அவர்கள் கேள்வி. தேர்வானவர்களுக்குக் கொழும்பில் இலவச சிகிச்சை.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பரமேஸ்வரியைக் கணவர் சிவலிங்கம் கூட்டி வந்தார். நாளெல்லாம் கை கழுவிக்கொண்டே இருந்ததில் பறிக்கும் கொழுந்தின் நிறை குறைந்து, வேலையும் போயிருந்தது. மாத்திரைகள் கேட்கவில்லை. மிச்சமிருந்த நம்பிக்கை இதுதான்.

அறிவுறுத்தல் தாள் ஆங்கிலத்தில் இருந்ததால் தமிழில் சொல்வது என் பொறுப்பு.

“நாளைக்கு வரும்போது தலையில எண்ணெய் இருக்கக் கூடாதும்மா. ஷாம்பு போட்டு நல்லா கழுவிட்டு வாங்க.”

“எத்தன தடவைங்க சேர்?”

ஒரு தடவை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நர்ஸ் நின்றிருந்தார். எனக்கு நகைச்சுவை வந்துவிட்டது.

“சுத்தமாகுற வரைக்கும் கழுவுங்க. மூளைய பாக்கப் போறோம், லேசுப்பட்ட காரியமா?”

சிவலிங்கம் சிரித்தார். பரமேஸ்வரி சிரிக்கவில்லை. கவனமாகத் தலையாட்டிக்கொண்டார்.

மறுநாள் ஈரத்தலையோடு வந்தார். வகிடு நெடுகத் தோல் உரிந்து, காதோரம் நீர் கசிந்தது.

“நேத்து மத்தியானம் பீலியில கொட்டுற தண்ணியில போய் நின்னவ சேர், இருட்டியும் வரல. போதும் வாடின்னா, சேர் சொன்னாருங்கிறா. காலையிலயும் கழுவினா,” என்றார் சிவலிங்கம்.

பரமேஸ்வரி என்னைப் பார்த்துக் கேட்டார்: “இன்னும் எண்ணெய் இருக்குங்களா?”

புண்ணில் எலக்ட்ரோட் வைக்க முடியாது. குழுவின் டொக்டர் எட்டிப் பார்த்தார். “இவங்கள சேர்க்க ஏலாது.”

“ஆறினதும் கூப்பிடலாமா டொக்டர்?” என்று கேட்டேன்.

“இன்னைக்கோட ரெக்கோர்டிங் முடியுது.”

“கொழும்புக்கு எப்ப சேர் போவணும்?” என்றார் சிவலிங்கம். அவருக்கு விளங்கும்படி சொல்லி முடிக்க நேரமெடுத்தது.

நீக்கிய காரணம் என்ற கட்டத்தில் டொக்டர் எழுதினார்: நோயாளி அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை. வந்தவர்களில் அதை முழுசாகப் பின்பற்றியவர் அவர் ஒருவர்தான். கீழே டெக்னீஷியன் கையொப்பம் கேட்டிருந்தது. போட்டேன்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, ஃபைலைப் படித்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்ல ஆசைதான். நான் படித்திருந்தேன். ஆகவே வேறொன்று சொல்கிறேன்: தவறு உங்களுடையதென்றால் அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். அடுத்த ஆய்வுக்கு ஆள் எடுத்தபோது, அந்தத் தாளைப் பார்த்துத்தான் பரமேஸ்வரியின் பெயரை வெட்டினார்கள்.