விடியுமுன் அடித்த மணி

ஜெயம்மாளுக்குக் கோபம் வந்தால் யாருக்கும் அடங்கமாட்டாள். எங்கள் ஊர் சர்ச் கட்டடத்தைப் பெருக்குவதும் மணி அடிப்பதும் அவள்தான். வாரம் முழுக்க நடவு, களையெடுப்பு என்று கழனியில் கிடப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று வாசலில் நின்று பார்ப்பாள். அவள் கண்ணில் படாமல் நழுவுவது லேசு இல்லை.

கொஞ்ச காலமாக வராதவர்கள்தான் அதிகம். எங்களுக்குப் பக்தி ஒன்றும் குறையவில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் இல்லாமல் போய்விட்டது. இளவட்டங்கள் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். ஞாயிறும் ஷிப்டு உண்டு. மலர்க்கொடி ஏதோ ஒரு சென்னை சர்ச்சின் ஆராதனையைச் செல்போனில் ஓடவிட்டு மீன் கழுவுவாள். ஆசீர்வாதம் சொல்லும்போது மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு தலைகுனிவாள். எட்டரை மணி ஆராதனைக்கு மிஞ்சியது சில பெரியவர்களும் நானும்தான். பிரசங்கத்தில் பாதி நேரம் நான் தூங்குவேன்.

உத்திரமேரூரிலிருந்து பைக்கில் வந்து ஆராதனை நடத்தும் எங்கள் பாதிரியார் ஆல்பர்ட் ஐயர், ஒருநாள் சொல்லிவிட்டார்.

"அடுத்த மாசத்திலேர்ந்து எல்லாரும் டவுன் சர்ச்சுக்கே வந்துடுங்க ஜெயம்மா. காலி பெஞ்சுக்குப் பிரசங்கம் பண்ண முடியல."

ஜெயம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கல்யாணம் நடந்த கோயில் அது. அதைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கொடுப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"சனங்க எங்கியும் ஓடிப்போயிடல ஐயரே. ஞாயித்துக்கெயமை ஆறு மணிக்கு கம்பெனி வேனுக்கு இந்தக் கோயில் வாசல்லதான் நின்னுக்கினு கீதுங்க. நீங்கதான் எட்டரைக்கு வரீங்க. ஒருவாட்டி அஞ்சு மணிக்கு வந்து பாருங்க."

ஐயர் சிரித்தார். ஒரே ஒரு ஞாயிறு வந்து பார்க்கிறேன், கூட்டம் இல்லாவிட்டால் பூட்டிவிடலாம் என்றார். ஊர் தூங்கும் நேரம், மணி மட்டும் வேண்டாம் என்றும் சொன்னார். ஜெயம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "கண்டிப்பா வரேன் அத்த" என்றாள் எதிர்வீட்டு ஜெனிஃபர். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு ஐயர் வெள்ளை அங்கியோடு வாசலில் நின்றார். ஐந்து ஆனது. வழக்கமான பெரியவர்கள் வந்தார்கள், நான் வந்தேன். ஐந்தேகால் ஆனது. ஐயர் செல்போனை எடுத்துப் பார்த்தார். ஜெயம்மாள் விறுவிறுவென்று போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.

இருட்டில் மணி அடித்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம், சாவு. கோபத்தில் அவளுக்கு அது மறந்தேபோனது.

கதவுகள் படபடவென்று திறந்தன. ஜெனிஃபர் பாதி பின்னலோடு ஓடிவந்தாள். மலர்க்கொடி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். சாமந்தி பயிரிடும் ஏகாம்பரம், அவர் எங்கள் சபைகூட இல்லை, மார்க்கெட்டுக்குக் கட்டிவைத்திருந்த மாலையில் ஒன்றோடு மூச்சுவாங்க வந்தார். ஐயரை அங்கியோடு பார்த்ததும் யாருக்கும் சந்தேகமே இல்லை.

"யாரும்மா பூட்டது?" என்று இறந்தவர் பெயரைக் கேட்டார் ஏகாம்பரம்.

"யாரும் பூடல. இந்தக் கோயில்தான் பூடற மாதிரி கீது. வந்ததுதான் வந்துட்டீங்க, உள்ள வந்து குந்துங்க."

சிலர் திட்டினார்கள், பலர் சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெஞ்சு போதவில்லை. ஏகாம்பரமும் கடைசி வரிசையில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இளம் குரல்கள் சேர்ந்து பாடியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தூக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேன் டிரைவர் வசந்த்குமார் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்து நின்றுகொண்டார். அவரைக் கண்டதும் ஐயர் பிரசங்கத்தை மளமளவென்று முடித்தார். நான் அறிந்து அப்படி நடந்தது அன்றுதான்.

வேன் கிளம்பியதும் ஐயர் ஜெயம்மாளிடம் வந்தார். "அடுத்த வாரமும் அஞ்சு மணிதான். மணி அடிங்க. ஊர்ல சொல்லிட்டு அடிங்க."

ஏகாம்பரம் இன்னும் மாலையோடு நின்றார். "சாவுக்குன்னு எடுத்தாந்தத திருப்பி வூட்டுக்கு எடுத்துக்கினு போவக்கூடாதும்மா. இத இன்னா பண்றது?"

ஜெயம்மாள் மாலையை வாங்கினாள். வாசல் சுவரில் 'ஞாயிறு ஆராதனை காலை 8.30' என்று எழுதிய பலகை தொங்கியது. எக்கி நின்று அதற்குப் போட்டாள்.

"பூட்டது இதுதாண்ணே," என்றாள்.