கட்டில் வண்டியின் இடது சக்கரம்

எண்பதுகளின் நடுவில் சவூதியின் ஜுபைலில், ஆலை கட்டும் வேலையில் வெல்டராக இருந்தேன். செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கிற நேரம். நம் ஊரில் அது மழைக்கு முந்தின புழுக்கம், அவ்வளவுதான். ஜுபைலில் எங்களுக்கு அது விடுதலை. ஐந்து மாதமாக ரூமை விட்டுத் தலைகாட்ட முடியாமல் கிடந்தவர்கள், வெள்ளிக்கிழமை காலையில் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு சும்மாவாவது நடக்கப் போவோம்.

சைட்டில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வினோதமான வண்டி ஒன்று வைத்திருந்தார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஈசிசேரில் சாய்வது போலச் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். அவரிடம் கேட்டு டேப் வைத்து அளவெடுத்தேன். போர்மேன் கொடுத்த, வேலைக்கு ஆகாதென்று கழித்த இரும்புக் குழாய், இரண்டு பழைய சைக்கிள், ஒரு கேன்வாஸ் துணி. மூன்றே வெள்ளிக்கிழமையில் வண்டி தயார். கேம்ப்பில் அதற்குக் 'கட்டில் வண்டி' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் ஒரு ரவுண்டு கேட்டு வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அதைச் செய்ததே என் ரூம்மேட்டுக்காகத்தான். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயது, சைட்டில் ஸ்டோர்கீப்பர். ஒரு வால்வைத் தூக்கப்போய் முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து அவரால் சைக்கிள் சீட்டில் உட்கார முடியவில்லை. லீவு நாளென்றால் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார். ஊரிலிருந்து கடிதம் வராத வாரத்தில் பேச்சும் இருக்காது. அந்த மனிதர் முதல்தடவை வண்டியில் ஏறிப் பத்தடி போனதும், "ஐசே, முதுகு நோகேல்லை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கேம்ப்புக்குப் பின்னால், குழாய் வரிசையை ஒட்டிக் கடல்வரை ஒரு சர்வீஸ் ரோடு போகும். வெள்ளிக்கிழமைகளில் அதில் வண்டி நடமாட்டம் குறைவு. பிளாஸ்க்கில் டீயும் ஒரு ரொட்டிப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பிவிடுவோம். அவர் கட்டில் வண்டியில், நான் பக்கத்தில் சைக்கிளில். திரும்பும்போது கொஞ்ச தூரம் மாற்றிக்கொள்வோம். சாய்ந்து ஓட்டும்போது முகத்துக்கு நேரே வானம்தான். ஒரு முழத்துக்குக் கீழே தரை ஓடும். கடலோரச் சேற்றில் பூநாரைகள் வந்து இறங்கியிருக்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்போம். வாரம் முழுக்க முகமூடிக்குள் நெருப்பைப் பார்த்த கண்ணுக்கு அது பெரிய சுகம்.

இப்போது என் அசட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். குழாய் ஒட்டிய இடத்தை எக்ஸ்ரே எடுத்துச் சோதிப்பார்கள்; அதில் என் ஜாயின்ட் எதுவும் தோற்று வந்ததில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் நான். எங்கள் வேலையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. வெல்டிங் ராடை ஸ்டோரில் சூடான பெட்டியில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்து நேரம் கடந்துவிட்டால் கழிவு டிரம்மில் போட்டுவிட வேண்டும். அந்த மாதத்தில் ஜுபைலின் காற்றில் அவ்வளவு ஈரம். ஈரம் ஏறிய ராடில் ஒட்டினால் மேலே பார்க்க லட்சணமாக இருக்கும், உள்ளே பொத்தல் விழும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன? நம் வண்டிக்கு எவன் எக்ஸ்ரே எடுக்கப் போகிறான் என்று டிரம்மில் கிடந்ததை அள்ளிவந்து ஒட்டினேன்.

நான்காவது சவாரியில், நண்பர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, இடது சக்கரத்தைத் தாங்கிய குழாய் விட்டுவிட்டது. வண்டி இடப்பக்கம் சரிந்து, தரையைக் கீறிக்கொண்டே நடு ரோட்டுக்குத் திரும்பியது. எதிரே தண்ணீர் டேங்கர். வண்டியே தாழ்வு, அதிலும் சரிந்து கிடக்கிறது, அவர் கால் இரண்டும் டேங்கரைப் பார்த்து நீண்டிருக்கிறது. நான் கத்தினேனா என்றுகூட நினைவில்லை. டிரைவர் கடைசி நொடியில் ஒடித்து டேங்கரை மணலில் இறக்கிவிட்டார். பெரிய சக்கரம் நண்பரின் காலுக்கு ஒரு கை தூரத்தில் போனது.

டிரைவர் ஒரு பட்டாணியர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முதலில் என் நண்பரை மெல்லத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு உடைந்த இடத்தைப் பார்த்து, "கிஸ்னே ஜோடா, பாய்?" என்றார். யார் ஒட்டியது என்கிறார். "பழைய வண்டி, பாய்" என்று நண்பரே இந்தியில் சமாளித்தார்.

டேங்கர் மணலிலிருந்து ஏறிப் போனபிறகு, நண்பர் ஒடிந்த குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஆப்பம் மாதிரிப் பொத்தல்.

"டிரம்மில கிடந்த ராடே?"

ஆமென்று தலையசைத்தேன். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வழிகிறது, அதை அவர் துடைக்கக்கூட இல்லை.

"சைட்டிலயும் இதால எங்கயாவது ஒட்டினீரோ?"

இப்படிக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. ஒட்டியிருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன், டியூட்டி முடிகிற நேரத்தில் கையிலிருந்த ராடு தீர்ந்துபோனது. ஸ்டோர்வரை யார் நடப்பது என்று, ஒரு டேங்கின் உச்சியில் கைப்பிடிக் கம்பிக்கு நான்கு கால்களை, வண்டிக்கு அள்ளியதில் பையில் மிச்சமிருந்த கழிவு ராடில் ஒட்டிவிட்டு வந்தேன். கைப்பிடிக்கு எக்ஸ்ரே கிடையாது. "வெறும் கைப்பிடிதாங்க" என்றேன்.

"அதைப் பிடிச்சுக்கொண்டுதான் ஆக்கள் நிக்கினம்" என்றார். கேம்ப்வரை நான் வண்டியைச் சைக்கிளில் கட்டித் தள்ளினேன். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். அன்று அவமானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் போர்மேனிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்திய கத்தலில் பாதி சைட் கூடிவிட்டது. மேலே யாரும் போகாமல் கயிறு கட்டித் தட்டிப் பார்த்தார்கள். இரண்டு கால்கள் நின்றன. இரண்டு, ஓங்கித் தட்டியதும் கையோடு வந்துவிட்டன. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, ஒரு மாதம் குழாய் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். என் நண்பரோ டிரம்மின் முன் உட்கார்ந்து கழிவு ராடுகளை இனி எவரும் எடுத்து ஒட்ட முடியாதபடி ஒவ்வொன்றாக வளைத்துக்கொண்டிருந்தார். "நான் முந்தியே வளைச்சுப் போட்டிருக்க வேணும், என்னிலையும் பிழை" என்றார்.

போர்மேனிடம் கேட்டு வாங்கிய நல்ல ராடில் வண்டியை மறுபடி ஒட்டினேன். தூரத்தில் வருபவருக்குத் தெரிய ஒரு சிவப்புக் கொடியும் கட்டினேன். வெள்ளிக்கிழமை வந்தது. "முதல்ல நான் ஓட்டிப் பாத்துடுறேங்க" என்றேன். "விடும்" என்று சொல்லிவிட்டு அவர் ஏறிச் சாய்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பரீட்சையில் என் ஒட்டு தேறியிருக்கிறது. ஆனால் உடைந்ததைக் கண்ணால் பார்த்தபிறகும் ஒருவர் தன் முதுகை என் ஒட்டின்மேல் சாய்த்தாரே, அந்த ஒரு நம்பிக்கைக்குத் தகுந்தவனாக இருக்கத்தான் இன்றுவரை வேலை செய்கிறேன்.